பக்கத்து வீட்டுத் தாளிப்பு

என் வீட்டுக்காரர் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவர். இன்றைக்கு இதைச் சொன்னால் கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். ஐம்பதுகளில், கோயமுத்தூரில் மில்காரர்கள் குடியிருந்த தெருக்களில், அவருடைய சைக்கிள் திரும்பினாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். போலீஸ்காரர் வந்தால் தப்புச் செய்தவன் வீட்டில் மட்டும்தான் பயம். இவர் வந்தால் எல்லார் வீட்டிலும் பயம். யார் வீட்டில் பேதி, யார் வீட்டில் காய்ச்சல், யார் மேலில் கொப்புளம் என்று பார்த்து மேலே எழுதுவதுதான் இவர் வேலை.

வைசூரி என்கிற பெரியம்மையோ காலராவோ எந்த வீட்டில் வந்தாலும் அந்த வீட்டுக்காரர்களே வந்து தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. இவர் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு ஆள் வந்து தெரிவித்ததில்லை. எப்படித் தெரிவிப்பார்கள்? எங்கள் பக்கத்தில் அம்மை என்றால் மாரியம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். மேலில் போடுகிற கொப்புளத்துக்கு முத்து என்று பெயர். வந்த சாமியைப் பற்றி ஆபீஸில் போய் எழுதிக்கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? நான் சத்தியமங்கலத்தில் பிறந்தவள். சின்ன வயசில் எனக்கும் முத்துப் போட்டு, தாடையில் இன்னும் அதன் தழும்பு இருக்கிறது. என்னைப் பெற்றவள் அதை எந்த ஆபீஸிலும் போய்ச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுவந்து ஒரு இன்ஸ்பெக்டருக்குக் கட்டிவைத்தார்கள்.

நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. நடுவில் வாசல், சுற்றிலும் ஓட்டு வீடுகள், ஒரு கிணறு, ஒரு வேப்பமரம். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறாயுசு சொல்லுகிற நெருக்கம். எங்களைத் தவிர எல்லாரும் மில்லுக்குப் போகிற குடும்பங்கள். எங்களுக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் இருந்தவள் என்னைவிட இளையவள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் எங்களை எல்லாம் மிஞ்சுகிற கோயமுத்தூர்த் தமிழ். அவளுக்கு ஒரே பெண் குழந்தை. கொழுகொழுவென்று, பேச்சு மழலை விடாமல் இருந்தது அது. காலையில் எழுந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நிலைப்படியில் நின்று, “இன்சுபெட்டரம்மா, வெல்லம்” என்று கையை நீட்டும். கேட்கிற தோரணையைப் பார்த்தால் நான் அதற்குக் கடன்பட்டவள் மாதிரி இருக்கும். எனக்கு அப்போது பிள்ளை இல்லை. அதனால் அந்தத் தோரணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அம்மை வந்த வீட்டை இவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்றால், வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறதா என்று பார்ப்பார். அது எத்தனை காலத்துக்கு நடக்கும்? ஜனங்கள் வேப்பிலையை உள்ளே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இவர் வெறும் வாசல்களைப் பார்த்துவிட்டு, “ஊரே சுத்தமா இருக்குது” என்று வந்து சாப்பிட உட்காருவார்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்தபோது நான்தான் சொன்னேன்.

“ஏனுங்க, அந்தக் கடேசி ஊட்டுல தாளிக்கற சத்தமே கேக்கறதில்லீங்க, நாலஞ்சு நாளா.”

“அவிய தாளிக்கறதும் தாளிக்காததும் எனக்கெதுக்கு?”

“அம்மா வந்திருக்கற ஊட்டுல தாளிக்க மாட்டாங்களுங்க. எண்ணெய்ச் சட்டியே ஏத்த மாட்டாங்க. கடுகு பொரியற மாதிரி புள்ளைக்கு மேலெல்லாம் பொரிஞ்சுபோடும்னு பயம். இதுகூடத் தெரியாம என்ன இன்ஸ்பெக்டருங்க நீங்க?”

சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். கடைசி வீட்டில் மில்லில் வேலை பார்க்கிற ஒரு நடுத்தர வயசுக்காரர் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார். வைசூரி. முகமே தெரியாதபடி போட்டிருந்தது. வண்டி வந்து அவரை ஊருக்கு வெளியே இருந்த அம்மைக் கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் சம்சாரம் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள். கொட்டகை வாசலில் தடுத்துவிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். வளவே அவளைச் சுற்றி நின்றது.

பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

“உள்ள ஆரையுமே உட மாட்டாங்களாங்க அக்கா?”

“ஆரையும் உட மாட்டாங்க அம்மணி. ஒட்டுவாரொட்டி நோயில்லையா? அப்பிடித்தான்.”

எனக்கு அது தெரியுமா என்றால் தெரியாது. அந்தக் கொட்டகையை நான் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்கு நடந்ததைப் பார்த்தேன், அதையே சட்டமாக்கிச் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் பெண்டாட்டி சொன்னால் அது இன்ஸ்பெக்டர் சொன்ன மாதிரி என்பதும் எனக்குத் தெரியும். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அந்த மனுஷர் பிழைத்து வந்துவிட்டார். முகமெல்லாம் தழும்போடு, எலும்பும் தோலுமாக வந்தாலும் நடந்து வந்தார். வளவில் எல்லாருக்கும் அம்மை குத்தினார்கள். அந்த வீட்டைத் தாண்டி நோய் பரவவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றுக்கு மருந்து போட வந்த அன்று, தண்ணீர் சேந்த நின்ற பெண்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: “எங்கூட்டுல இருக்கறது இன்ஸ்பெக்டருக்கு இன்ஸ்பெக்டருங்க. ஒரு ஊட்டுல தாளிக்கற சத்தம் நின்னாப் போதும், எனக்குத் தாக்கல் வந்துபோடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். நான் வெட்கப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்து போனேன். அதுவரை என்னிடம் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்தவர் அவர். அவர் வாயால் நாலு பேர் நடுவில் அப்படி ஒரு வார்த்தை வந்தால் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் இனிக்காது?

அம்மை குத்தின அந்த நாளில் பக்கத்து வீட்டுக் குழந்தை வளவில் இல்லை. சோமனூரில் தன் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பதாக அவள் சொன்னாள். ஊசிக்குப் பயந்து அனுப்பினாளோ, நிஜமாகவே அனுப்பினாளோ, அந்தக் குழந்தைக்குக் குத்தாமலே போயிற்று. வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இவரும் விட்டுவிட்டார். குழந்தை வந்தது, வெல்லம் கேட்டது. ஊசியைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த பங்குனியில் வெயில் முன்னாலேயே வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போயிற்று. ஒரு நாள் காலையில் வெல்லத்துக்குக் கை நீளவில்லை. மறுநாளும் இல்லை. நான் சுவரோரமாகப் போய்க் கேட்டேன்.

“சின்னது எங்க அம்மணி, ரெண்டு நாளாக் காணோம்?”

“சோமனூருக்கு அனுப்பிச்சுப்போட்டேனுங்க அக்கா. இங்க வெய்ய தாங்கலீங்க.”

சொல்லும்போது அவள் தலை வாரியிருக்கவில்லை. அது என் கண்ணில் பட்டது. கொடியில் துணி காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கவில்லை. அவள் புருஷன் வேலையிலிருந்து வந்தால் வாசலில் பீடி குடித்துக்கொண்டு நாலு பேரிடம் வாயாடுவான். இப்போது நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வேப்பமரத்தில் கைக்கு எட்டுகிற கிளை மொட்டையாக இருந்தது.

அன்று மத்தியானம் இவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் சுள்ளென்றது. கடுகு படபடவென்று வெடித்தது. பின்னாலேயே கறிவேப்பிலையும் பெருங்காயமும் மணத்தன. அவள் அடுப்பு எங்கள் சுவரை ஒட்டித்தான் இருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

“என்னமோ சொல்ல வந்தியே?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க. பக்கத்து ஊட்டுல புள்ளையக் காணமே, அம்மா கிம்மா வந்திருக்குமோன்னு பாத்தேன். அங்க நல்லாத் தாளிக்கறாங்க.”

“அப்பொறமென்ன” என்று அவர் மோருக்குக் கை நீட்டினார்.

அப்புறம் தினமும் கேட்டது. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம். இந்த விலைவாசியில் இத்தனை கடுகு எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றியது. அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு அடி போயிருக்கலாம். போகவில்லை. அம்மன் வீட்டில் இருக்கும்போது ஒரு தாய் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவாள் என்பது என் புத்திக்கு எட்டாத விஷயம். இந்த வழக்கமெல்லாம் தெரியாத வேறொரு இன்ஸ்பெக்டராக இருந்திருந்தால் கதவைத் தட்டிப் பார்த்திருப்பார். எல்லாம் தெரிந்த நான் பக்கத்தில் இருந்ததால் இவர் தட்டவில்லை.

அவள் வந்தது ஒரு மத்தியானம். இவர் வெளியே போயிருந்தார். குழந்தையைப் புருஷனுடைய வேட்டியில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். வளவு பார்க்குமே என்ற கவலை எல்லாம் போய்விட்டிருந்தது. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, “அக்கா, கண்ணு தொறக்க மாட்டேங்குதுங்க” என்றாள்.

வேட்டியை விலக்கினேன். முத்துக்கள் காய்ந்து பொருக்கு உதிர ஆரம்பித்திருந்தன. காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் கண் இரண்டும் சீழ் கட்டி ஒட்டிக் கிடந்தன. குழந்தை அழக்கூட இல்லை. வெளிச்சம் படாமல் தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம். இதை மறைப்பதில் என்ன லாபம்? வாய்க்கு வந்தபடி கத்தினேன். “பாவி, சோமனூருன்னு சொன்னியே! செவுத்துக்கு அக்கட்டால இருந்துட்டு எங்கிட்டயே பொய் சொன்னியே! ஒரு வார்த்தை சொல்லறதுக்கு என்ன கேடு உனக்கு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது சொன்னாள்.

“ஆரையும் உட மாட்டாங்கன்னு சொன்னீங்களுங்களே அக்கா. ராத்திரியில ஒண்ணுக்கு வந்தாக்கூட என்னையத் தேடற புள்ளைங்க. தனியா அனுப்பிப்போட்டு நான் எப்பிடிங்க இருக்கறது?”

அதற்குள் இவர் வந்துவிட்டார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் போய் வண்டிக்குச் சொன்னார். கண்ணில் புண் விழுந்திருந்ததால் குழந்தையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு மூலை அறையில் தனியாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு கண்ணைக் காப்பாற்றினார்கள். இடது கண்ணின் கருவிழியில் புண் ஆழமாகப் போய்விட்டது. அது பால் மாதிரி வெளுத்து நின்றது. டாக்டர் என் வீட்டுக்காரரிடம், ஆரம்பத்திலேயே கொண்டுவந்து சுத்தம் செய்து மருந்து விட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும் என்றாராம். இவர் அதை வந்து என்னிடம் சொன்னார். அந்த ஒருவேளையை நான் எத்தனையோ தரம் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அது இந்தப் பக்கமும் சாயாது, அந்தப் பக்கமும் சாயாது.

இவருக்கு மேலிடத்தில் நல்ல பாட்டு. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு அடுத்த சுவரிலேயே ஒரு வைசூரி ஆரம்பித்து முடிந்திருக்கிறது, இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை! வளவு முழுக்கத் திரும்பவும் ஊசி. யாருக்கும் ஒட்டிக்கொள்ளாமல் போனது எங்கள் நல்ல நேரம். வீட்டில் அவர் கோபம் என் மேல்தான் திரும்பியது.

“நல்லாத் தாளிக்கறாங்கன்னு நீதானே சொன்னே?”

“தாளிச்சாங்களுங்க. நான் பொய் சொல்லலீங்க.”

அவர் என்னை மெச்சின வாயால் வந்த வினை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த மெச்சலுக்கு நான் குளிர்ந்தது எனக்குத் தெரியும்.

குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு சாயங்காலம் அவள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

“நாந்தானுங்க அக்கா என்ற புள்ளையோட கண்ணைப் புடுங்கிப்போட்டேன்.”

“ஏன் அம்மணி இப்பிடிப் பேசறே?”

“அம்மாவை ஊட்டுக்குள்ள வெச்சுட்டு நான் கடுகு பொரிச்சனுங்க. உங்களுக்குக் கேக்கோணும்னுதானுங்க பொரிச்சேன். கேக்கலீன்னா அண்ணனுக்குச் சொல்லிப்போடுவீங்க, வண்டி வந்துரும்னு பயமுங்க. பொரிச்சதை நாங்க வாயில வெக்கலீங்க. கஞ்சிதானுங்க குடிச்சோம். அதையெல்லாம் சலதாரையில கொட்டிப்போட்டேன். ஒவ்வொருக்கா சட்டியை ஏத்தறப்பவும் அம்மாகிட்ட மன்னாப்புக் கேட்டுட்டுத்தானுங்க ஏத்துனேன். இருந்தாலும் அவுங்களுக்குப் பொறுக்கலீங்க. முத்து கண்ணுல போயி வெடிச்சுருச்சு.”

கீரைக் காம்பு என் கையில் அப்படியே நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் நிம்மதியாக மோர் ஊற்றியிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு தாய் ஒரு கையால் எண்ணெயை ஊற்றிக்கொண்டே சாமியிடம் கெஞ்சியிருக்கிறாள். வெடித்த ஒவ்வொரு கடுகுக்கும் அவள் குழந்தையைத் திரும்பிப் பார்த்திருப்பாள். அத்தனையும் என் காதுக்காக.

“அதுனாலதானுங்களே அக்கா?” என்று கேட்டாள்.

கடுகுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாய் துடித்தது. இன்ஸ்பெக்டர் பெண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பின்னே எதனால்? அதற்கு டாக்டர் சொன்ன பதிலைத்தான் சொல்ல வேண்டும்: நீ மறைத்து வைத்ததனால். சாமி கோபித்துக்கொண்டால் வேண்டுதல் இருக்கிறது, பூவோடு என்று தீச்சட்டி எடுக்கலாம், கண்மலர் வாங்கிப் போடலாம், சாமியும் ஒரு நாள் மனம் இளகும். டாக்டர் சொன்னதற்கு எந்தக் கோயிலில் போய் வேண்டிக்கொள்வது? அவள் கையில் இருந்த குற்றத்தைப் பிடுங்கிவிட்டு அதைவிடப் பெரியதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

“அம்மாவுக்கு எல்லாம் தெரியும் அம்மணி. நீ புள்ளைக்காகத்தானே செஞ்சே?” என்று மட்டும் சொன்னேன்.

இரக்கத்தால்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எதனால் என்று ஆரம்பித்தால் பேச்சு என் பக்கமும் வரும். கிணற்றடியில் சிரித்தது, ஆரையும் உட மாட்டாங்க என்று அடித்துச் சொன்னது எல்லாம் வரும். பழியைச் சாமி மேல் போட்டால் எனக்கும் சௌகரியமாக இருந்தது. சித்திரையில் அவள் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக் கண்மலர் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். அவள் தட்டில் வைத்துக் கும்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று சாமிக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் இவரிடம் எந்த வீட்டைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. இது நல்லதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நோயைத் தெரிவித்தால்தான் நாலு பேர் பிழைப்பார்கள். கடைசி வீட்டுக்காரர் பிழைத்ததற்கும் வளவு தப்பியதற்கும் நான் சொன்னதுதான் காரணம். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் கை வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன்.

வருஷங்கள் போயின. எனக்கு ஒரு மகன் பிறந்தான். அவளுக்கும் ஒரு பையன் பிறந்தான். பெண் பள்ளிக்கூடம் போனாள். ஒற்றைக் கண்ணால் பார்க்க வசதியாகத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே நடப்பாள். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் திருப்பி அடிக்கிற தைரியசாலி. அறுபதுகள் ஆரம்பித்து, வீடு வீடாக ஆள் போட்டு ஊசி குத்துகிற காலம் வந்தது. இவர் தலை நரைத்துவிட்டது. சைக்கிள் மட்டும் அதேதான்.

அப்போது ஒரு காலையில், வளவில் எல்லாரும் தண்ணீர் சேந்துகிற நேரத்தில், அவள் தன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். இன்னொரு கையில் ஒரு துணிப்பை. அதில் பையனின் சட்டைகளும் ஒரு சின்னத் தலையணையும் இருந்தன. பின்னால் பெண், தலையைச் சாய்த்தபடி. கிணற்றடியில் ராட்டினச் சத்தம் நின்றுவிட்டது.

“ஏனுங்க அண்ணா, பையனுக்குக் காய்ச்சலுங்க. மேலுல முத்துப் போட்டிருக்குதுங்க. எழுதிக்குங்க. வண்டிக்குச் சொல்லிப்போடுங்க.”

இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒருத்தர் தானாக வந்து தெரிவித்தது அதுதான் முதல் தடவை. அவள் குரல் நடுங்கவில்லை. இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பையனைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், உள்ளங்கை உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தெளிந்தது.

“அட, இது சின்னம்மை அம்மணி! வைசூரி இல்லீங்க. இவனுக்குத்தான் நாங்க போன வருசமே அம்மை குத்தியிருக்கறமே. ஊட்டுலயே வெச்சுக்குங்க. பள்ளிக்கொடத்துப் பக்கம் மட்டும் அனுப்பாதீங்க.”

அவள் அப்படியே எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டாள். கிணற்றடியில் யாரோ, “மாரியாத்தா” என்று சத்தமாக மூச்சு விட்டார்கள். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருத்தி தானாக வந்து சொன்ன சந்தோஷம், சின்னதாகப் போன சந்தோஷம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

“அப்பிடியே பெரிசா இருந்தாத்தான் என்ன? தலகாணியெல்லாம் கட்டிட்டு வந்துட்டீங்க, உங்களுக்கு ஒரு சேலையை எடுத்துட்டு வரலியே! சின்னப் புள்ளைகன்னா தாயைக் கூட இருக்க உடுவாங்கல்ல கொட்டாயில. தாய்க்கு ஊசி குத்தியிருந்தாப் போதும்.”

அவள் சிரிக்கவில்லை.

“எப்ப இருந்துங்கண்ணா அப்பிடி?”

“எப்பவுமே அப்பிடித்தானுங்களே. பால்குடி மறக்காததையெல்லாம் தனியாப் போட்டா ஆரு பாத்துக்கறது? அன்னைக்குக் கடேசி ஊட்டுல இருந்து போனவரு வளந்த ஆளு, அதுனால அவரு சம்சாரத்தை உடலை.”

அவர் சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். அவருக்கு அது ஊரறிந்த விஷயம். வந்து தெரிவியுங்கள், தெரிவியுங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னவர் இதை ஒரு தெருவில்கூடச் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவர் பக்கத்திலேயே படுத்து எழுந்த நானும் கேட்கவில்லை. எந்த வீட்டில் கடுகு வெடிக்கிறது என்று கேட்கக் காதைத் தீட்டி வைத்திருந்தேன். பிள்ளையை வண்டியில் ஏற்றினால் தாயை ஏற்றுவார்களா என்று அவரிடம் ஒரு நாள் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் என்னிடம் கேட்டாள். நான் என் இஷ்டத்துக்கு ஒரு பதிலைச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு, “இரு அம்மணி, அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லியிருந்தால் அவளும் குழந்தையும் ஒரே வண்டியில் போயிருப்பார்கள்.

அவள் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் பெண்ணும் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

“அப்ப, இந்தப் புள்ளைகூட அன்னைக்கு என்னைய உட்டிருப்பாங்களாங்க அக்கா?”

என் வீட்டுக்காரர் அப்போதுதான் பேச்சு எங்கே போகிறது என்று புரிந்துகொண்டு துண்டைக் கீழே இறக்கினார். சாமி மேல் போட இந்தத் தடவை எனக்கு இடமில்லை. பொய் சொன்னாலும் அவர் பக்கத்தில் நிற்கிறார்.

“உட்டிருப்பாங்க, அம்மணி” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் தலையணை வைத்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையனைத் தூக்கிக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “வாரேனுங்க” என்று எப்போதும் போல மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அந்த வளவில் அதற்கப்புறமும் நாங்கள் வெகுகாலம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம், பேசிக்கொண்டோம், நல்லது கெட்டதுக்குப் போய் வந்தோம். அவள் என்னிடம் மறுபடி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.